கண் பிந்தும், கணிப்பு முந்தும்

ஸ்லாட் கார் பந்தயத்தை முதன்முறை பார்க்கிறவர் சொல்லும் முதல் குறை, அதில் ஸ்டியரிங் இல்லை என்பது. தடத்தின் நடுவே ஒரு காடி ஓடுகிறது. காரின் மூக்குக்கு அடியில் உள்ள சிறு துடுப்பு அந்தக் காடிக்குள் இறங்கியிருக்கிறது. காடி எங்கே போகிறதோ அங்கே கார் போகிறது. ஓட்டுபவர் கையில் இருப்பது ஒரே ஒரு விசை. அழுத்தினால் மோட்டாருக்கு மின்சாரம் கூடும், விட்டால் நிற்கும். இதில் என்ன திறமை இருக்கிறது, விரல் சுறுசுறுப்பாக உள்ள பையன் எவனும் ஜெயித்துவிட மாட்டானா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு தவறான ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. வண்டியைத் திருப்புவதுதான் ஓட்டுவதன் சாரம் என்பது ஒன்று. சின்னக் காரில் வேகமான விரலே வெல்லும் என்பது இன்னொன்று. இயற்பியலையும் நரம்பியலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. கார் சிறுக்கச் சிறுக்க அதற்கு நேர்வதெல்லாம் விரைந்து நேர்கிறது. ஓட்டுபவரின் நரம்போ தன் பழைய வேகத்தை விட்டு அசைவதில்லை. ஆகவே ஸ்லாட் காரைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்தி ஓட்ட முடியாது, வரப்போவதை முன்கூட்டிக் கணித்துத்தான் ஓட்ட முடியும். பொழுதுபோக்கு மன்றங்களில் நடக்கும் ராலி மாலைகள் அந்தக் கணிப்புத் திறனை மட்டும் தனியே பிரித்தெடுத்து அளக்கின்றன என்பதே என் வாதம்.

விளையாட்டின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் பொம்மை ரயில்கள் செய்துவந்த லயனல் நிறுவனம் 1912-லேயே மின்சாரப் பந்தயக் கார்களை விற்றுப் பார்த்தது, அது நிலைக்கவில்லை. இன்றைய வடிவம் இங்கிலாந்தில் பிறந்தது. ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில், சுருள்வில்லால் ஓடும் தகரக் கார்களைச் செய்துவந்த ஃப்ரெட் ஃபிரான்சிஸ், சுருள்வில்லை எடுத்துவிட்டு மின்மோட்டாரை வைத்தார். 1957-ல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று அது வெளிவந்தது. மறு ஆண்டே அவருடைய நிறுவனம் லைன்ஸ் பிரதர்ஸ் கைக்கு மாறியது. 1960-களில் ஸ்பெயினுக்குப் போன இந்தப் பொம்மை, பார்சலோனாவின் எக்ஸின் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியபின், பிறந்த ஊரைவிடப் புகுந்த ஊரில் ஆழமாக வேரூன்றியது என்றே சொல்லலாம். ராலி வடிவத்தைத் தனி விளையாட்டாக வளர்த்தெடுத்ததிலும் ஸ்பானியர்களுக்கு, குறிப்பாகக் காட்டலோனியா மன்றங்களுக்கு, பெரும் பங்கு உண்டு. கார்கள் பெரும்பாலும் உண்மைக் காரில் 32-ல் ஒரு பங்கு அளவு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 24-ல் ஒரு பங்கு அளவிலும் ராலி நடப்பதுண்டு.

வழக்கமான மன்றப் பந்தயத்தில் நான்கோ ஆறோ தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும். கார்கள் ஒன்றையொன்று துரத்தும். குறித்த நேரத்தில் அதிகச் சுற்று போனவர் வென்றவர். ஒரே தடத்தை நூறு தடவை சுற்றுவதால் ஒவ்வொரு வளைவும் விரலுக்கு மனப்பாடமாகிவிடும். ராலியில் நடப்பது வேறு. கூடத்தில் தனித்தனியாகப் பல தடங்கள் விரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஒரு கட்டத்தில் ஓடும். சில சுற்றுகளே அனுமதி. மின்னணுக் கருவி நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி வரை குறித்துக்கொள்ளும். பிறகு அடுத்த மேசை, அடுத்த தடம். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரம் எடுத்தவருக்குப் பரிசு. கார் காடியை விட்டு எகிறிவிட்டால் அதை எடுத்து மீண்டும் வைக்கும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் எதிராளி இல்லை. இடிப்பவனும் இல்லை, தடுப்பவனும் இல்லை. சாக்குச் சொல்ல ஆளில்லாத விளையாட்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். வளைவில் ஒரு கார் வழுக்காமல் போகக்கூடிய உச்ச வேகத்தை மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன: டயருக்கும் தடத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம். மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். காரின் எடை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. உராய்வுக் கெழுவை 0.8 என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் தடங்களில் சாதாரணமாகக் காணப்படும் வளைவின் ஆரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். விடை, விநாடிக்கு ஒன்றரை மீட்டர். அந்த வளைவுக்கு முன்னால் ஒரு மீட்டர் நேர்த்தடம் இருப்பதாகக் கொள்வோம். பின்சக்கரங்கள் தாங்கும் எடையைப் பொறுத்து அந்தக் கார் விநாடிக்கு விநாடி நாலரை மீட்டருக்குச் சற்று அதிகமாக முடுகலாம். அதே அளவுக்கு வேகத்தைக் குறைக்கவும் செய்யலாம். பாதித் தூரம் முடுகி, மீதிப் பாதியில் வேகத்தைக் குறைத்து அடுத்த வளைவுக்குள் நுழைந்தால், நடுவில் எட்டும் உச்சம் விநாடிக்கு 2.7 மீட்டர்.

மனிதக் கண் ஒன்றைக் கண்டு, மூளை முடிவெடுத்து, விரல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. ஒலிக்கு இதைவிடக் கொஞ்சம் விரைவாக எதிர்வினை செய்ய முடியும். ஆனாலும் ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பினால், அவர் ஒலியைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்றே விதி கொள்கிறது. பயிற்சியால் இந்தத் தாமதத்தைச் சற்றே சுருக்கலாம், ஒழிக்க முடியாது. விநாடிக்கு 2.7 மீட்டர் போகும் கார் 0.2 விநாடியில் 54 சென்டிமீட்டர் கடந்துவிடும். நம் நேர்த்தடமே ஒரு மீட்டர்தான். அதாவது வளைவைக் கண்டு விசையை விடலாம் என்று நினைப்பதற்குள் பாதித் தடம் போய்விட்டது. வளைவுக்குள் நிலைமை இன்னும் மோசம். கால்வட்ட வளைவை விநாடிக்கு ஒன்றரை மீட்டரில் கடக்க ஆகும் நேரம் 0.3 விநாடி. இருபது சதவீதம் கூடுதல் வேகத்தில் உள்ளே நுழைந்த காரின் வால், டயரின் பிடிப்பு போதாமல் வெளிப்பக்கம் நழுவத் தொடங்கினால், 0.2 விநாடிக்குள் அது தோராயமாக ஏழு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். காரின் அகலமே ஆறு சென்டிமீட்டர்தான். வால் நழுவுகிறதே என்று கண் சொல்லி விரல் கேட்பதற்குள் வால் தன் அகலத்தைவிட அதிகத் தூரம் போய், துடுப்பையும் காடியிலிருந்து பிடுங்கிவிட்டிருக்கும். கண்ணால் திருத்தி ஓட்டுவது கடினம் என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கு நேரமே இல்லை.

உண்மையான ராலி ஓட்டுநருக்கும் இதே 0.2 விநாடிதானே, அவர் மட்டும் வண்டி வழுக்குவதைப் பார்த்துத் திருத்துகிறாரே என்று கேட்கலாம். இங்கேதான் அளவு குறுக்கிடுகிறது. உருவத்தைச் சுருக்கினால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதை 1638-ல் வெளிவந்த நூலிலேயே கலிலியோ விளக்கிவிட்டார். நீளம் 32-ல் ஒரு பங்கானால் பரப்பு 1,024-ல் ஒரு பங்காகும், கன அளவு 32,768-ல் ஒரு பங்காகும். இயக்கத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதைக் காட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரௌட். கப்பல்களின் சிறு மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து, அதிலிருந்து பெரிய கப்பலின் இயல்பைக் கணிக்க அவர் 1872-ல் டார்க்கியில் ஒரு சோதனைத் தொட்டியைக் கட்டினார். அவர் கண்ட விதியின் சாரம் இது: புவியீர்ப்பு ஆளும் இயக்கங்களில், மாதிரியின் வேகத்தை நீள விகிதத்தால் ஒப்பிடக் கூடாது, நீள விகிதத்தின் வர்க்கமூலத்தால் ஒப்பிட வேண்டும். நேரமும் அப்படியே. மரக்கிளையில் கட்டிய நீளக்கயிற்று ஊஞ்சல் நிதானமாக ஆடுகிறது, தொட்டில் அளவு ஊஞ்சல் படபடவென்று ஆடுகிறது. ஈர்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், கயிற்றின் நீளம்தான் வேறு. புவியீர்ப்பு சிறிய பொருளுக்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை.

32-ன் வர்க்கமூலம் 5.66. எனவே 32-ல் ஒரு பங்கு உலகத்தில் ஒரு கார் வழுக்குவது, கவிழ்வது, நிற்பது எல்லாம் உண்மை உலகத்தைவிட ஐந்தரை மடங்குக்கும் மேல் விரைந்து நடக்கின்றன. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஸ்லாட் கார் ஓட்டுபவரின் 0.2 விநாடித் தாமதம், உண்மைக் காரின் கணக்கில் 1.13 விநாடித் தாமதத்துக்குச் சமம். பனி படர்ந்த மலைப்பாதையில், கண்ணில் பட்டதற்கு ஒரு விநாடிக்கும் மேல் கழித்தே கை அசையும் ஒருவரை ராலிக் காரில் உட்கார்த்தி வைத்தால் எப்படி இருக்கும்? அவர் பிழைக்க வேண்டுமானால் ஒரே வழி, பாதையை முன்பே தெரிந்துகொண்டு, கண்ணை நம்பாமல் ஓட்டுவது. ராலி மாலையில் விசையைப் பிடித்து நிற்கும் ஒவ்வொருவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டது அவருக்குச் செய்த சலுகை என்றுகூடச் சொல்வேன். இத்தனை தாமதத்தோடு திருப்பும் வேலையையும் கொடுத்திருந்தால் முதல் வளைவையே தாண்டியிருக்க மாட்டார்.

இந்த விளையாட்டின் விளம்பரங்களும் ஆர்வலர்களும் விரும்பிச் சொல்லும் ஒரு கணக்கும் இதே விதியால் உடைகிறது. விநாடிக்கு மூன்று மீட்டர் போகும் காரின் வேகத்தை 32-ஆல் பெருக்கி, உண்மைக் காரின் அளவில் மணிக்கு 345 கிலோமீட்டர் என்பார்கள். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். காரின் நீளத்தை வைத்தே கண் வேகத்தை மதிப்பிடுவதால் ஏற்படும் மயக்கம் அது. டயரும் ஈர்ப்பும் அறிந்த வேகம் வேறு. ஃப்ரௌட் முறையில் 5.66-ஆல் பெருக்கினால் கிடைப்பது மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீட்டர். ஒடுங்கிய, கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் ராலிக் கார் ஒன்று போகக்கூடிய நிதானமான வேகம்தான் இது. மாயம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம்.

ஃப்ரௌட்டின் ஒப்பீட்டை இங்கே கொண்டுவருவது சரியா என்பது அடுத்த ஆட்சேபம். கொஞ்சம் கனமான ஆட்சேபமும்கூட. ஸ்லாட் கார், உண்மைக் காரின் நேர்மையான சிற்றுரு அல்லவே. 1,200 கிலோ எடையுள்ள ராலிக் காரை 32,768-ஆல் வகுத்தால் 37 கிராம்தான் வர வேண்டும். ஸ்லாட் கார்களோ 70 முதல் 100 கிராம் வரை இருக்கின்றன. முறையான சஸ்பென்ஷன் கிடையாது. டயர் வேறு ரப்பர். எல்லாம் உண்மை. ஆனால் எடை வளைவுக் கணக்கில் வருவதில்லை என்று முன்பே பார்த்தோம். உராய்வுக் கெழுவுக்கோ நீளம், அகலம் என்ற அளவே கிடையாது. ஒப்பீட்டைக் கெடுக்கக்கூடிய பெரிய விசை காற்று. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 150 கிலோமீட்டரில் போகும் உண்மைக் காரைக் காற்று பின்னிழுக்கும் விசை, அதன் எடையில் ஏழு சதவீதம் அளவுக்கு வரும். விநாடிக்கு மூன்று மீட்டர் போகும் ஸ்லாட் காரில் அது அரை சதவீதம்தான். பின்னால் கம்பீரமாக நிற்கும் இறக்கை வெறும் அலங்காரம். ஆக, ஸ்லாட் காரை ஆள்பவை ஈர்ப்பும் உராய்வும் மட்டுமே; ஃப்ரௌட் விதி பொருந்துவதற்கு இதைவிடத் தூய்மையான சூழல் வேண்டியதில்லை. ஒப்பீடு தசம இடம்வரை துல்லியமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1.13 விநாடி உண்மையில் ஒரு விநாடியாக இருந்தாலும் வாதம் மாறாது.

காந்தத்தின் கதை இதற்கு நல்ல சான்று. கடையில் வாங்கும் ஸ்லாட் கார்கள் பலவற்றின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். தடத்திலுள்ள எஃகுத் தண்டவாளங்களை அது இழுப்பதால் கார் தடத்தோடு அழுந்தி, குழந்தைகளும் வளைவில் வேகமாகப் போக முடிகிறது. பிறகு ஏன் பல மன்றங்கள், அதுவும் ராலிக்காரர்கள், காந்தத்தைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள்? காந்தம், ஈர்ப்பை அதிகப்படுத்தியது போன்ற விளைவைத் தருகிறது. காரின் எடைக்குச் சமமான இழுவிசை கொண்ட காந்தத்தைப் பொருத்தினால் அது இரண்டு மடங்கு ஈர்ப்புள்ள உலகத்தில் ஓடுவதாகப் பொருள். நேர விகிதம் 5.66-லிருந்து 8-க்கு உயரும், ஓட்டுபவரின் 0.2 விநாடி உண்மைக் காரில் 1.6 விநாடிக்குச் சமமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. காந்த விசை, தூரம் கூடும்போது சட்டென்று விழுந்துவிடும் விசை. வால் சற்று நழுவித் தண்டவாளத்தை விட்டு விலகிய அந்தக் கணமே, எந்த விசை தேவையோ அதுவே காணாமல் போகிறது. அதனால் காந்தக் கார் ஒட்டிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் பறக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. காந்தம் இல்லாத கார் மெதுவாகப் போனாலும் வாலை ஓரளவு ஆட்டிக்காட்டி, எல்லை அருகில் இருக்கிறது என்று சொல்லும். அந்தச் செய்தி இந்த வளைவுக்கு உதவாது; நேரம் போதாது. அடுத்த தடவை இதே வளைவுக்கு வரும்போது உதவும். மரப்பலகையில் காடி எடுத்துச் செம்புப் பட்டை ஒட்டிய தடங்களில் காந்தத்துக்குப் பிடிக்க இரும்பே இல்லை என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை.

கணிப்பால் ஓட்டுவது என்பது ஸ்லாட் காருக்கு மட்டும் நேர்ந்த விதியல்ல. உண்மை ஓட்டத்தில் அது மறைந்திருக்கிறது, இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இருவர், வளைந்து வளைந்து போகும் சாலையில் கார் ஓட்டுபவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 1994-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஓட்டுநர்கள் வளைவின் உள்விளிம்பில் பார்வைக்கோடு தொடும் இடத்தை, வளைவை அடைய ஒன்றிரண்டு விநாடிகள் இருக்கும்போதே, நோக்கிவிடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. அதே லேண்ட், பீட்டர் மெக்லியோடுடன் சேர்ந்து 2000-ல் கிரிக்கெட் மட்டையாளர்களை ஆராய்ந்தார். மட்டையாளர் பந்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. கையிலிருந்து வெளிப்படும் கணத்தைப் பார்க்கிறார். பிறகு கண், பந்துக்கு முன்னால் தாவி, அது தரையில் விழப்போகும் இடத்தில் போய்க் காத்திருக்கிறது. தேர்ந்த மட்டையாளரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது. நல்ல மட்டையாளரின் கண் பந்துக்குப் பின்னால் ஓடுவதில்லை என்பதைத் தமிழ்நாட்டுத் தெருக் கிரிக்கெட்டில் விளையாடியவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மோட்டார் பந்தயத்தின் வரலாற்றிலேயே இதற்கு மிகப் பெரிய சாட்சியம் 1955-ம் ஆண்டின் மில்லே மிலியா. இத்தாலியின் பொதுச்சாலைகளில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்கூட்டிச் சாலைகளைப் பார்த்து எழுதிய வளைவுக் குறிப்புகளை ஐந்து மீட்டருக்கும் நீளமான ஒரு காகிதச் சுருளாக்கி, அலுமினியப் பெட்டிக்குள் வைத்துச் சுருட்டிச் சுருட்டிப் படித்தார் அவர். என்ஜின் இரைச்சலில் பேச முடியாததால் கைச்சைகை. பார்வைக்குத் தெரியாத மேடுகளைத் தாண்டியும் முழு வேகத்தில் போகலாம் என்று சைகை சொன்னபோது மாஸ் போனார். பத்து மணி ஏழு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடியில் முடித்து, மணிக்குச் சராசரி 157 கிலோமீட்டர் என்ற சாதனையோடு வென்றார்கள். இன்றைய ராலியிலும் பந்தயத்துக்கு முன் கட்டங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுப்பது விதிப்படியே நடக்கிறது. மான்டே கார்லோ ராலியில், கட்டம் தொடங்குமுன் எங்கே பனி உறைந்திருக்கிறது என்று பார்த்துவரத் தனிக்குழுவே போகிறது. காகிதமும் துணை ஓட்டுநரும் சேர்ந்து கொடுக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடி முன்னறிவை, ஸ்லாட் ராலியில் ஒரே மூளை தனியாகத் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இது வெறும் மனப்பாடம்தானே, நினைவாற்றல் போட்டிக்கு மோட்டார் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். மனப்பாடம் தேவைதான், அது போதாது. தடத்தின் வடிவம் மாறாது, தடத்தின் பிடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். மாலை தொடங்கும்போது தூசி படிந்த தடம், கார்கள் ஓட ஓட டயரின் ரப்பர் படிந்து பிடிப்பு ஏறும். எல்லோரும் ஒரே கோட்டில்தான் ஓடுகிறார்கள், காடி வேறு வழி விடாது. ஆகவே முதலில் ஓடுபவர் பின்னால் வருகிறவருக்காகத் துடைத்துக் கொடுக்கிறார். உண்மை ராலியில் சரளைக் கட்டத்தில் முதலில் போகிறவர் படும் பாடு இதேதான். சில மன்றங்கள் வேண்டுமென்றே மாவைத் தூவிப் பனிக்கட்டம் என்றும், கோகோத் தூளைத் தூவி மண் கட்டம் என்றும் அமைக்கின்றன. சிலிக்கோன் டயர் சுத்தமான தடத்தில் நன்றாகப் பிடிக்கும், தூசியில் சறுக்கும். அதனால் ஓட்டத்துக்கு முன் ஒட்டும் நாடாவில் டயரை உருட்டித் துடைப்பதைப் பார்க்கலாம். மின்சாரமும் ஒரே சீராக வருவதில்லை. தடத்துண்டுகளின் இணைப்புகளில் மின்னழுத்தம் சிறிது சிறிதாக இழக்கப்படுவதால், மின்வாயிலிருந்து விலகியிருக்கும் கோடியில் கார் சற்றே சோர்ந்து ஓடும். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும், முதல் இரண்டு மூன்று வளைவுகளில் கார் நடந்துகொண்டதை வைத்து, நான்காவது வளைவில் பிடிப்பு எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்தவருக்குத் தெரிவது நேற்றைய எண். வெல்பவர் அந்த எண்ணை ஒவ்வொரு வளைவிலும் திருத்திக்கொண்டே போகிறார். சுற்றுகள் குறைவு என்பதால் திருத்தமும் உடனுக்குடன் நடந்தாக வேண்டும். நூறு சுற்றுப் பந்தயத்தில் மெதுவாகக் கற்பவரும் கடைசியில் பிடித்துவிடுவார். ராலியில் அவருக்கு நேரம் கிடைக்காது.

வேகத்தைக் குறைக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்லாட் காரில் பிரேக் என்று தனி உறுப்பு கிடையாது. விசையை முழுக்க விட்டதும், அந்த விசை உள்ள கைக்கருவியான கன்ட்ரோலர் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, தானே உண்டாக்கிய மின்னோட்டத்தால் தன்னையே பிடித்து நிறுத்தப் பார்க்கும். இந்தப் பிடி சுழற்சி வேகத்துக்கு ஏற்ப இருப்பதால், வேகமாகப் போகும்போது பலமாகவும், மெதுவாகும்போது தளர்வாகவும் பிடிக்கும். அதாவது வேகக்குறைப்பின் பெரும்பங்கு தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் விட்டு, வேண்டிய அளவு நிறுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பணமும் மோட்டாரும்தான் வெல்லும் என்பது பழைய குற்றச்சாட்டு. வேகத்துக்கே கட்டிய தடங்களில் அதில் உண்மையும் உண்டு. ராலியில் அதன் கூர் மழுங்கிவிடுகிறது. 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றும் மோட்டார், மூன்றுக்கு ஒன்று என்ற பற்சக்கர விகிதம், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் என்று வைத்தால், சுமையின்றி எட்டக்கூடிய உச்சம் விநாடிக்கு ஏழு மீட்டர். நம் ஒரு மீட்டர் நேர்த்தடத்தில் 2.7-க்கு மேல் போக வழியில்லை என்பதை முன்பே பார்த்தோம். தடை மோட்டாரில் இல்லை, டயரில் இருக்கிறது. இன்னும் பலமான மோட்டாரைப் போட்டால் சக்கரம் சும்மா சுழலும், அவ்வளவே. கன்ட்ரோலரில் மின்னணுச் சுற்று வைத்து முடுக்கத்தையும் பிரேக்கையும் மென்மையாக்கிக்கொள்ளலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சுற்றுக்கு அடுத்து வருவது கொண்டையூசி வளைவா, அகன்ற வளைவா என்பது தெரியாது. டிஜிட்டல் தடங்களில் ஆளில்லாமல் தானே சுற்றிவரும் கார்களும் உண்டு. சாதாரணமாக அவை ஒரே சீரான வேகத்தில் ஓடும்படி அமைக்கப்படுகின்றன. மிக இறுகிய வளைவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே முழுத் தடத்திலும் அவற்றின் வேகம். முன்னறிவு இல்லாத ஓட்டம் எவ்வளவு மந்தமானது என்பதைப் பார்க்க வேறு சோதனை வேண்டாம்.

எதிர்வினை நேரம் மட்டுமே தீர்மானிப்பதாக இருந்தால், இந்த விளையாட்டில் இருபது வயதுக்காரர்களுக்கு முன்னால் வேறு யாரும் நிற்க முடியாது. வயது ஏற ஏற எதிர்வினை மெல்ல மந்தமாகிறது என்பது நிலைநிறுத்தப்பட்ட உண்மை. அந்த இழப்பு விநாடியில் நூறில் சில பங்குகள்தான். கண்ணை நம்பி ஓட்டுகிறவருக்கு அது பெரிய இழப்பு. முன்கூட்டியே விசையை விடுகிறவருக்கு அது பெரிய பொருட்டல்ல. தன் தாமதம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே அவர் மூளை கணித்துக்கொள்கிறது. உடல் அசைவின் விளைவை முன்னறிந்து கட்டளையைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நரம்பியலில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஸ்லாட் கார் ஓட்டுவது முதன்மையாக அந்தப் பகுதிக்குத் தரும் வேலை.

ராலி மாலை ஒன்றில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைப்பவருக்கு இந்தக் கணக்குகளிலிருந்து ஒரு நடைமுறை விடையும் கிடைக்கிறது. கால்வட்ட வளைவை ஐந்து சதவீதம் வேகமாகக் கடந்தால் மிச்சமாவது 0.015 விநாடி. முப்பது வளைவுகள் கொண்ட கட்டம் முழுவதும் அப்படியே துணிந்து ஓட்டினாலும் அரை விநாடிகூடத் தேறாது. கார் ஒரே ஒரு தடவை காடியை விட்டு எகிறி, அதைத் தேடி எடுத்து, துடுப்பைக் காடியில் பொருத்தி மீண்டும் கிளப்ப மூன்று நான்கு விநாடிகளாவது ஆகும். ஆகவே முதல் சுற்றை, கார் ஒருபோதும் வெளியே விழாத வேகத்தில் ஓட்டுங்கள். காரின் மேல் கண்ணை வைக்காமல், அது அடுத்துப் போகப்போகும் வளைவின் மேல் வையுங்கள்.